வாரத்தில் நான்கு மணி நேரம்: குற்ற உணர்வின்றி ஓய்வெடுக்க, வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டியின் இலக்கு சிறியது. வாரத்தில் ஒரு நாள், தொடர்ந்து நான்கு மணி நேரம், வீட்டுப் பொறுப்பு எதுவும் உங்கள் தலையில் இல்லாமல் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் மனம் குறுகுறுக்கவும் கூடாது. அவ்வளவுதான்.

இதை நான் செய்து பார்த்து, அலுவலகத்தில் உடன் வேலை பார்க்கும் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்து வருகிறேன். தடுமாறியவர்கள் ஏறக்குறைய எல்லாருமே ஒரே இடத்தில்தான் தடுமாறினார்கள். முதலில் ஓய்வை எடுத்தார்கள்; வேலையை யார் பார்ப்பது என்பதைப் பிறகு யோசித்தார்கள். ஓய்வு நேரம் முழுவதும் அந்த யோசனையிலேயே கழிந்தது. அதற்குக் குற்ற உணர்வு என்று பெயர் வைத்து, தங்கள் மனத்தையே குறை சொல்லிக்கொண்டார்கள். கோளாறு மனத்தில் இல்லை, வரிசையில்தான் இருந்தது. ஆகவே கீழே உள்ள படிகளை முன்பின்னாக மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்குத் தேவையானதைக் கையில் கொடுக்கும்.

வேலைக்குப் போகாமல் வீட்டைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் இது பொருந்தும். உண்மையில் அவர்களுக்குத்தான் கூடுதலாகத் தேவை. அலுவலகம் போகிறவளுக்கு அலுவலகத்திலாவது விடுமுறை உண்டு.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு நாற்பது பக்க நோட்டு, மூன்று நிறத்தில் பேனா, எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் மாட்டிய மாத நாட்காட்டி, டப்பாக்களில் ஒட்டப் பெயர்ச்சீட்டு. இவற்றோடு நான்கைந்து வார அவகாசம். இந்தச் சனிக்கிழமையே தொடங்கிவிடலாம் என்று கிளம்பாதீர்கள். அவசரத்தில் தொடங்கியவை இரண்டாவது வாரமே நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன்.

பணம் தேவையில்லை. அழகு நிலையச் சலுகை அட்டையோ, யோகா வகுப்போ, மலைவாசத்தலத்தில் இரண்டு நாள் விடுதியோ தேவையில்லை. அவை தவறு என்று சொல்லவில்லை. ஆனால் காசு கொடுத்து வாங்கும் ஓய்வுக்கு வீட்டில் கணக்குச் சொல்ல வேண்டிவரும், குறுகுறுப்பு அந்த வழியாகத்தான் உள்ளே நுழையும். முதல் மூன்று மாதம் செலவில்லாத ஓய்வாகவே இருக்கட்டும்.

2. முதலில் ரத்தப் பரிசோதனை

பலரும் தாண்டிச் செல்லும் படி இது. முதலில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. எல்லாக் களைப்பும் ஓய்வெடுத்தால் தீராது. உடம்பில் குறை இருந்தால் நான்கு மணி நேரம் படுத்து எழுந்தாலும் அதே அசதிதான் இருக்கும். "ஓய்வெடுத்தும் பயனில்லை, நான்தான் சோம்பேறி" என்ற முடிவுக்கு வந்துவிடுவீர்கள்.

2019-21-இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது. இரண்டு பேரில் ஒருவர். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, தலைசுற்றல், முடி கொட்டுவது, எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பது ஆகியவற்றை வயதின் மேல் போட்டுவிட்டு நடமாடுகிறோம்.

கேட்க வேண்டிய பரிசோதனைகள் இரண்டு: ஹீமோகுளோபின், தைராய்டு. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. நாற்பது வயதைத் தாண்டியவர்கள் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ பார்த்துக்கொள்ளலாம். மாதவிடாயின்போது ரத்தப்போக்கு அதிகம் இருந்தால் மருத்துவர் கேட்பதற்கு முன்னே நீங்களே சொல்லுங்கள். பெரும்பாலான நேரம் காரணம் அதிலேயே இருக்கும்.

இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தால், அதைச் சாப்பிட்டவுடன் டீயோ காபியோ குடிக்காதீர்கள். அவை இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேர இடைவெளியாவது வேண்டும். காலையில் மாத்திரையையும் டம்ளரையும் ஒன்றாகக் கையில் எடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் அதிகம். எலுமிச்சைச் சாறோடு போட்டுக்கொண்டால் நல்லது.

3. ஒரு வாரம் எல்லா வேலையையும் எழுதுங்கள்

திங்கள் முதல் ஞாயிறு வரை, நீங்கள் செய்யும் வீட்டு வேலை ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதுங்கள். அன்றன்று இரவே எழுதிவிட வேண்டும். வார இறுதியில் யோசித்து எழுதினால் பாதிதான் வரும், ஏனென்றால் நாம் செய்யும் பாதியை நாமே வேலை என்று கணக்கில் வைப்பதில்லை.

சமையல், பாத்திரம், துணி என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். இந்தப் படியில் எல்லாரும் செய்யும் பிழை அது. கையால் செய்யும் வேலையைவிட மனத்தில் சுமக்கும் வேலைதான் களைப்பைக் கூட்டும். சிலிண்டர் எப்போது தீரும், பால்காரருக்கு எத்தனை நாள் கழிக்க வேண்டும், அத்தையின் பிரஷர் மாத்திரை எத்தனை பாக்கி, சின்னவளுக்கு வெள்ளிக்கிழமை வெள்ளைச் சீருடையா வண்ணச் சீருடையா, நாளை இட்லிக்கு இன்று எத்தனை மணிக்கு ஊறப்போட வேண்டும், வரும் முகூர்த்தத்துக்கு எவ்வளவு மொய் எழுத வேண்டும். இவை ஒவ்வொன்றையும் தனி வரியாக எழுதுங்கள். உடன் வேலை செய்யும் ஒருவர் எழுதிக் கொண்டுவந்த பட்டியலில் "கறிவேப்பிலை" என்று ஒரு வரி இருந்தது. அது வீட்டில் இருக்கிறதா இல்லையா என்பது அவர் ஒருவருக்குத்தான் எப்போதும் தெரியும்.

உங்கள் பட்டியல் நீளமாக இருந்தால் மலைக்காதீர்கள். மத்திய அரசின் காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2024-இல் சொல்வது இது: வீட்டாருக்காகச் சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். அதே வேலையில் கைவைக்கும் ஆண்கள் 88 நிமிடம். 2019-இல் இது 299-க்கு 97 ஆக இருந்தது. ஐந்து ஆண்டுகளில் பெண்களுக்குப் பத்து நிமிடம் மிச்சமாகியிருக்கிறது. ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் மிச்சமாகிவிட்டது!

4. பட்டியலில் கோடு போடுங்கள்

பட்டியலை மூன்று நிறத்தில் குறியுங்கள். விட்டுவிடக்கூடியவை, இடைவெளியை அதிகமாக்கக்கூடியவை, வேறொருவர் கைக்கு மாற வேண்டியவை.

முதல் இரண்டுக்கும் அதிக நேரம் செலவிட வேண்டாம். உள்ளாடை வரை இஸ்திரி போடுவது, விருந்தினர் வராத நாளிலும் மூன்று வகைப் பொரியல், தினமும் இரண்டு வேளை வீடு துடைப்பது போன்றவற்றில் கோடு போட்டாலே சிறிது நேரம் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை மட்டும்: உங்களுக்குப் பிடித்த வேலையை வெட்டாதீர்கள். காலையில் கோலம் போடுவது சிலருக்கு வேலை, சிலருக்கு அன்றைய நாளின் ஒரே நிம்மதி. அதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது நிறம்தான் முக்கியம். ஆறாவது படியில் அதற்கு வருகிறேன்.

5. நாளையும் நேரத்தையும் குறியுங்கள்

எல்லாரும் முதலில் ஞாயிற்றுக்கிழமையைத்தான் சொல்வார்கள். வேண்டாம். நம் வீடுகளில் பெண்ணுக்கு மிக மோசமான நாள் ஞாயிறு. எண்ணெய்க் குளியல், கறிக் குழம்பு, வாரத் துணி, சொல்லாமல் வரும் உறவுக்காரர்கள், அடுத்த வாரத்துக்கான மாவு என்று எல்லாம் அன்றைக்குத்தான். வெள்ளிக்கிழமையும் சரிவராது, விளக்கு பூஜை வைக்கும் வீடுகளில் காலையிலிருந்தே துலக்குவதும் துடைப்பதுமாக இருக்கும். அமாவாசை, கிருத்திகை, புரட்டாசிச் சனிக்கிழமைகளில் உங்கள் வீட்டு வழக்கம் என்ன என்பதையும் நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான வீடுகளுக்குச் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி முதல் ஆறு மணி வரை ஒத்துவருகிறது. மதியச் சாப்பாடு முடிந்திருக்கும், இரவுச் சமையல் தொடங்கியிருக்காது. சனிக்கிழமையும் வேலை இருப்பவர்கள் வார நாளில் ஒரு மாலையை எடுத்துக்கொள்ளலாம்: அலுவலகத்திலிருந்து நேராக வீட்டுக்குப் போகாமல், இரவு ஒன்பதரைக்குப் போய்ச் சேருவது. இதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும், ஆனால் பலன் அதிகம்.

ஏன் நான்கு மணி நேரம்? முதல் ஒரு மணி நேரம் வீட்டு நினைப்பு அடங்கவே போய்விடும். கடைசி அரைமணி நேரம் திரும்பும் நினைப்பில் போகும். இரண்டு மணி நேரம் மட்டும் ஒதுக்கினால் கையில் எதுவும் நிற்காது.

ஏன் ஒரே நாள், ஒரே நேரம்? வாராவாரம் மாறினால் வாராவாரம் கேட்க வேண்டும். கேட்டுப் பெறும் எதையும் ஒருநாள் மறுத்துவிடலாம். நாட்காட்டியில் மூன்று மாதத்துக்கும் சேர்த்து இன்றே பேனாவால் வட்டமிடுங்கள். பென்சில் வேண்டாம்.

6. பொறுப்பை ஒப்படையுங்கள்

இந்த வழிகாட்டியின் நெஞ்சு இதுதான், மற்றதெல்லாம் இதற்கான ஏற்பாடு.

வேலையைக் கொடுப்பதும் பொறுப்பைக் கொடுப்பதும் வேறு வேறு. "கிரைண்டரை மட்டும் போட்டு விடுங்கள், நான் ஊறவைத்திருக்கிறேன், அரைத்ததும் கூப்பிடுங்கள், வழித்துவைக்க நான் வருகிறேன்" என்று சொன்னால் நீங்கள் எதையும் ஒப்படைக்கவில்லை. ஒரு சுவிட்சை அமுக்கும் வேலையை மட்டும் தந்திருக்கிறீர்கள். மாவு இன்னும் உங்கள் தலைக்குள்தான் அரைபட்டுக்கொண்டிருக்கும்.

ஒப்படைப்பதென்றால் தொடக்கத்திலிருந்து முடிவுவரை முழுதாக ஒப்படைக்க வேண்டும். மாவையே எடுத்துக்கொள்வோம். அரிசி இருக்கிறதா என்று பார்ப்பதில் தொடங்கி, நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து அளந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம் சேர்த்து, நான்கு மணி நேரம் ஊறவைத்து, உளுந்தை முதலில் பொங்கப் பொங்க அரைத்து, பிறகு அரிசியை அரைத்து, உப்புப் போட்டுக் கையால் கலந்து, பாதிப் பாத்திரம் காலியாக இருக்கும்படி ஊற்றி, கிரைண்டரைக் கழுவி, புளித்ததும் குளிர்பதனப் பெட்டியில் வைப்பது வரை ஒரே ஆளின் பொறுப்பு. கணவர் எடுத்துக்கொண்டால் கணவர், பத்தாம் வகுப்புப் படிக்கும் மகன் எடுத்துக்கொண்டால் மகன்.

முதல் முறை பாதிப் பாத்திரம் காலியாக விட மறந்துவிடுவார்கள். கோடை இரவில் மாவு பொங்கி மேடையெல்லாம் வழிந்திருக்கும். துடைக்காதீர்கள். திட்டவும் வேண்டாம். பொறுப்பில் துடைப்பதும் சேர்த்திதான். ஒரு முறை துடைத்தவர் அடுத்த முறை பெரிய பாத்திரம் எடுப்பார். உங்கள் கை துணியை எடுத்த நிமிடமே பொறுப்பு உங்களிடம் திரும்பி வந்துவிடும்.

இந்தப் படியை இப்படிப் படிப்படியாகச் செய்யுங்கள்:

முதல் வாரம், நீங்கள் செய்யும்போது அவர் அருகில் நின்று பார்க்கட்டும். இரண்டாவது வாரம், அவர் செய்யும்போது நீங்கள் அருகில் நின்று கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். மூன்றாவது வாரம், நீங்கள் வீட்டிலேயே வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருங்கள். நான்காவது வாரம்தான் வெளியே போக வேண்டும். மூன்றாவது வாரத்தில்தான் "உப்பு எங்கே இருக்கிறது?" என்ற குரல் வரும். அதற்காகத்தான் டப்பாக்களில் பெயர்ச்சீட்டு. "டப்பாவில் எழுதியிருக்கிறது" என்று ஒரு வரி சொன்னால் போதும், எழுந்து போக வேண்டாம்.

நான்கு மணி நேரத்துக்குள் வரும் பொறுப்புகளை மட்டும் முதலில் ஒப்படையுங்கள்: மாலை டீ, பிள்ளைகளின் சிற்றுண்டி, பெரியவர்களின் மாத்திரை, மொட்டைமாடித் துணியை எடுப்பது, கதவைத் தட்டுபவர்களுக்குப் பதில் சொல்வது. மொத்த வீட்டையும் ஒரே மாதத்தில் மாற்றப் போனவர்கள் சண்டையில்தான் முடித்தார்கள்.

இன்னும் இரண்டு பிழைகள். ஒன்று, எல்லாவற்றையும் மகள் தலையில் கட்டுவது. அம்மாவின் ஓய்வுக்கு மகள் விலை கொடுத்தால், இருபது வருடம் கழித்து அவள் இதே வழிகாட்டியைத் தேடிக்கொண்டிருப்பாள். மகன் இருந்தால் முதலில் அவனைக் கூப்பிடுங்கள். இரண்டு, வீட்டு வேலைக்கு வரும் அம்மாவைச் சனிக்கிழமை மதியமும் வரச்சொல்லிவிட்டு நீங்கள் ஓய்வெடுப்பது. கூடுதல் சம்பளம் கொடுத்தாலும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அவருக்கும் வீடு இருக்கிறது, அந்த வீட்டிலும் மாவு அரைக்க வேண்டும்.

7. வீட்டில் சொல்வது எப்படி

ஒப்படைக்கும் முதல் வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும். பட்டியல் கையில் இருக்கும்போது சொல்வது முக்கியம். பட்டியல் இல்லாமல் சொன்னால், "தாராளமாக ஓய்வெடு, யார் வேண்டாம் என்றது?" என்ற பதில்தான் வரும். அன்பான பதில்தான். ஆனால் அதில் யார் எதைச் செய்வார் என்ற விவரம் இல்லை.

கணவரிடம் தனியாக, முன்னதாகச் சொல்லுங்கள். மற்றவர்கள் எதிரில் முதன்முறையாகச் சொன்னால் அவர் அவர்களுக்காகப் பதில் சொல்வார். "என்னங்க, அடுத்த மாதத்திலிருந்து சனிக்கிழமை இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை எனக்கு விடுமுறை. அந்த நேரத்தில் வரும் வேலைகள் இவை. இதில் எவற்றை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள்?" கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள். எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்கவில்லை, எவற்றை என்று கேட்டிருக்கிறோம்.

மாமியாரிடம் வேறு விதமாகச் சொல்ல வேண்டும். அவருக்கு உள்ள கவலை பெரும்பாலும் ஒன்றுதான்: தன் வேளை தவறிவிடுமோ என்பது. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுங்கள். "அத்தை, சனிக்கிழமை நாலு மணிக்கு உங்கள் மாத்திரையையும் டீயையும் பெரியவன் கொண்டுவந்து கொடுப்பான். அவர் வீட்டில்தான் இருப்பார். நான் ஆறு மணிக்கு வந்துவிடுவேன்." "எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது" என்று அவர் சொன்னால் வாதாடாதீர்கள். அவர் சொல்வது உண்மை, அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. "உங்களுக்கும் ஒரு நாள் வைத்துக்கொள்வோம் அத்தை" என்று சொல்லிப் பாருங்கள். என் தோழி வீட்டில் அதன்பிறகு புதன்கிழமை மாலைகளில் அத்தை கோயில் பஜனைக்குக் கிளம்பிவிடுகிறார், இரவு உணவைப் பற்றிக் கேட்பதே இல்லை.

செய்யக்கூடாதது: உடம்பு சரியில்லை என்று காரணம் சொல்வது. அது எளிதாக அனுமதி வாங்கித் தரும். ஆனால் உடம்பு தேறியதும் விடுமுறை ரத்தாகிவிடும். ஓய்வுக்கு நோய் டிக்கெட் ஆகக்கூடாது.

8. முதல் நான்கு சனிக்கிழமைகள்

முடிந்தால் வீட்டைவிட்டு வெளியே போங்கள். வீட்டுக்குள் இருந்தால் குக்கர் விசில் எண்ணுவதை யாராலும் நிறுத்த முடியாது. தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021-லிருந்து பெண்களுக்குக் கட்டணமில்லை, ஆகவே போகவரச் செலவில்லை. கிளை நூலகம், பூங்கா, கூட்டமில்லாத நேரத்துக் கோயில் பிரகாரம், தோழி வீடு எல்லாம் நல்ல இடங்கள். மதுரைக்காரர்களுக்கு 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, சென்னைவாசிகளுக்குக் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். குளிர்ச்சியான கூடம், சுத்தமான கழிப்பறை, ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்காத ஊழியர்கள்.

முதல் இரண்டு வாரம் என்ன செய்வதென்றே தெரியாமல் இருக்கும். பலர் தூங்கத்தான் விரும்புகிறார்கள். தூங்குங்கள். வயது வந்தவர்களுக்கு இரவில் ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். ஐந்து மணிக்கு எழுந்து பதினொன்றரைக்குப் படுக்கும் பெண்ணுக்கு வாரம் முழுவதும் கடன்தான் ஏறுகிறது. வெளியே தூங்க இடமில்லாவிட்டால் தோழியின் வீட்டில் இருவரும் படுத்துத் தூங்குங்கள். அரட்டை கட்டாயமில்லை.

கைபேசியை அமைதியில் போட்டு, ஒரே ஓர் எண்ணுக்கு மட்டும் மணி ஒலிக்கும்படி வையுங்கள். அந்த எண் கணவருடையதாகவோ வீட்டில் பொறுப்பேற்றவருடையதாகவோ இருக்கட்டும். எதற்கு அழைக்கலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: காய்ச்சல், காயம், யாராவது விழுந்துவிட்டால், தீ. தோசைக்கரண்டி எங்கே என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

இந்தப் படியில் மிகச் சாதாரணமான பிழை, "சும்மாதானே போகிறேன், வரும்போது காய்கறி வாங்கிவந்துவிடுகிறேன்" என்பது. நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பை கையில் ஏறியதும் நான்கு மணி நேரம் மூன்றாகும், அடுத்த வாரம் ரேஷன் கடை சேரும், பிறகு தையற்கடை. ஒரு மாதத்தில் அது ஓய்வு நாள் என்பது மறந்து வெளிவேலை நாளாகிவிடும். பையில்லாமல் கிளம்புங்கள். திரும்பும்போதும் வெறுங்கையோடு வாருங்கள்.

திரும்பியதும் நேராக அடுக்களைக்குள் போகாதீர்கள். முகம் கழுவி, உட்கார்ந்து, டீ இருந்தால் குடியுங்கள். குழம்பை மூடி திறந்து பார்ப்பதும், "இதையா செய்தீர்கள்?" என்று கேட்பதும் அடுத்த வாரத்துக்கு நீங்களே வைக்கும் வேட்டு.

9. அப்போதும் மனம் குறுகுறுத்தால்

குறுகுறுப்பு வரும். அது வந்தால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இப்போது எந்த வேலை யார் கையிலும் இல்லாமல் கிடக்கிறது?

பதில் உடனே வந்தால், அது குற்ற உணர்வே இல்லை. ஒப்படைக்காமல் விட்ட ஒரு வேலை மனத்தில் மணியடிக்கிறது. நோட்டில் எழுதிவைத்து, திரும்பியதும் ஆறாவது படிக்குப் போங்கள். முதல் மாதத்தில் வரும் குறுகுறுப்பில் பெரும்பகுதி இந்த வகைதான்.

பதில் எதுவும் வரவில்லை, ஆனாலும் மனம் உறுத்துகிறது என்றால், அது பழக்கத்தால் வருவது. பெண் சும்மா உட்காரக் கூடாது என்று கேட்டே வளர்ந்திருக்கிறோம். அதற்கு ஆறுதல் வார்த்தைகளைவிட நாட்டு நடப்பு நல்ல மருந்து. தொழிற்சாலைத் தொழிலாளிக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை வேண்டும், ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவேளை இல்லாமல் வேலை வாங்கக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே எழுதிவைத்தது. அந்தத் தொழிலாளி அதை யாருடைய பெருந்தன்மையாகவும் நினைப்பதில்லை. இல்லத்தரசிகள் உழைப்பதில்லை என்ற எண்ணத்தைக் கைவிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரியில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் சொன்னது. அதற்கு ஆதாரமாகக் காட்டிய எண்களில் மேலே சொன்ன 299 நிமிடமும் ஒன்று. 2023 செப்டம்பரில் தமிழக அரசு குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரத் தொடங்கியபோது அதற்கு உதவித் தொகை என்று பெயர் வைக்கவில்லை, உரிமைத் தொகை என்றுதான் வைத்தது. உழைப்பு என்று அரசும் நீதிமன்றமும் ஏற்றுக்கொண்ட பிறகு, அதற்கு விடுமுறை உண்டு என்பதை நாம் தயங்கித் தயங்கிச் சொல்ல வேண்டியதில்லை.

உறுத்தலை அடக்க முயலாமல் அதோடேயே உட்கார்ந்திருங்கள். ஆறேழு வாரத்தில் மங்கிவிடும். உறுத்துகிறதே என்று பாதியில் எழுந்து வீட்டுக்குப் போனால் மட்டும் அது வளரும்.

வாரக்கணக்கில் தூக்கமே வரவில்லை, எதிலும் விருப்பமில்லை, அழுகை நிற்கவில்லை என்றால் இந்த வழிகாட்டி போதாது. 14416 என்ற எண்ணில், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையோடு கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம். வெளியே போகவே விடாமல் அடியும் வசையும் இருக்கும் வீடு என்றால், முதலில் அழைக்க வேண்டியது பெண்கள் உதவி எண் 181.

10. மற்ற ஆறு நாட்களுக்கு

வாரம் ஒருமுறை ஓய்வு என்பதால் மற்ற நாட்களில் உடம்பை மறந்துவிடலாம் என்று பொருளில்லை. மூன்றே மூன்று பழக்கம் போதும்.

உட்கார்ந்து, சூடாகச் சாப்பிடுங்கள். எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, கடைசி தோசையைக் கல்லருகே நின்றபடி விழுங்குவது நம் வீடுகளில் பெருமையாகப் பார்க்கப்படுகிறது. இரவில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து, பாத்திரங்களை நடுவில் வைத்து அவரவர் எடுத்துப் போட்டுக்கொண்டால் இது தானாக நின்றுவிடும்.

சிறுநீரை அடக்காதீர்கள், அதற்காகத் தண்ணீரையும் குறைக்காதீர்கள். பள்ளி ஆசிரியைகளும் கடைகளில் நிற்கும் பெண்களும் இதைத்தான் அதிகம் செய்கிறார்கள். சிறுநீர்த் தொற்று வந்து படுத்தால் யாரும் அதை ஓய்வென்று சொல்லமாட்டார்கள்.

நின்றே வேலை பார்ப்பவர்கள் உட்கார இடம் கேளுங்கள். ஜவுளிக்கடை, நகைக்கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் திருத்தம் வந்திருக்கிறது. வீட்டு அடுக்களையிலும் ஒரு முக்காலி போட்டுவிடுங்கள். காய் நறுக்க நிற்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

11. தடை வரும்போது

தேர்வு, திருமணம், காய்ச்சல், பொங்கல் என்று ஏதாவது ஒன்று கட்டாயம் வரும். அதற்கு ஒரே விதி: ரத்து செய்யாதீர்கள், அதே வாரத்துக்குள் வேறு நாளுக்கு மாற்றுங்கள். அன்றே நாட்காட்டியில் புது நாளைக் குறியுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து விட்டுப்போனால் வீடு பழைய வழக்கத்துக்கு ஓசையில்லாமல் திரும்பிவிடும்.

கைக்குழந்தை உள்ளவர்கள் நான்கு மணி நேரத்தை இரண்டிரண்டாகப் பிரித்து, பால் கொடுத்த கையோடு கிளம்பலாம். ஒப்படைக்க வீட்டில் ஆளில்லாத பெண்கள், தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள், இன்னொருத்தியோடு சேர்ந்து மாற்றி மாற்றிச் செய்யலாம்: இந்தச் சனிக்கிழமை இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் உங்கள் வீட்டில், அடுத்த சனிக்கிழமை அவர் வீட்டில். மகளிர் குழுவில் இருப்பவர்களுக்கு இது எளிது, கடன் தவணையை நம்பிக் கொடுக்கும் இடத்தில் பிள்ளையையும் நம்பி விடலாம்.

மூன்று மாதம் ஆனதும் நோட்டை எடுத்து, மீண்டும் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். ஒப்படைத்த வேலைகளில் எவை உங்களிடம் திரும்பிவந்திருக்கின்றன என்று தெரியும். இரண்டு மூன்று கட்டாயம் வந்திருக்கும். அவற்றை மட்டும் மறுபடி ஒப்படையுங்கள்.

இதற்குள் கணவரும் தனக்கு ஒரு நான்கு மணி நேரம் கேட்பார். தாராளமாகக் கொடுங்கள். ஆனால் அதே விதிப்படி: தன் பொறுப்பில் உள்ள மாவை அரைத்து, கிரைண்டரைக் கழுவிவைத்துவிட்டுக் கிளம்பட்டும்.